எலெக்ட்ரானிக் அக்கார்டியனும் ஆர்கன் அக்கார்டியனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோளில் மாட்டியிருப்பது அக்கார்டியன், கேட்பதோ ஆர்கன் சத்தம். 1940-களில் முளைத்து, 60-களிலும் 70-களிலும் கொடிகட்டிப் பறந்து, அப்புறம் சத்தமில்லாமல் கடைகளை விட்டுப் போன வாத்தியக் குடும்பம் இது. பழைய கச்சேரி வீடியோவைப் பார்த்துவிட்டு “இது அக்கார்டியனா, கீபோர்டா?” என்று குழம்புகிறவர்களுக்கும், யாரோ விட்டுப்போன பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் ஒயர்க் காட்டைப் பார்த்து முழிக்கிறவர்களுக்கும் இந்தப் பக்கம்.

மைக் பொருத்திய அக்கார்டியனைத்தானே இப்படிச் சொல்கிறார்கள்?

இல்லை. மைக் வைத்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான். ஒலியைப் பிறப்பிப்பது அப்போதும் உள்ளே இருக்கும் உலோக ரீடுதான். இங்கே பேசுவது வேறு இரண்டு வகையைப் பற்றி. ஒன்றில் ரீடே கிடையாது. கட்டையை அழுத்தினால் மின்சுற்று பாடும். மற்றொன்று கலப்பு. ரீடும் அப்படியே இருக்கும், கட்டைக்கு அடியில் மின்தொடர்பும் இருக்கும். ரீடு மட்டும், ஆர்கன் மட்டும், இரண்டும் சேர்ந்து என எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். கடைகளில் அதிகம் விற்றது இந்தக் கலப்பு வகைதான்.

சாதாரண அக்கார்டியன் எப்படி ஒலிக்கிறது என்று முதலில் சொல்லுங்களேன்?

ஆர்மோனியம் தெரியும் அல்லவா? அதே தத்துவம். துருத்தி தள்ளும் காற்று ரீடு வழியாகப் போகும்போது அந்தத் தகடு அதிர்கிறது. 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியான் ‘அக்கார்டியன்’ என்ற பெயரில் உரிமம் வாங்கினார். ஆர்மோனியத்தில் துருத்தி பின்னால் இருக்கிறது, அக்கார்டியனில் வாத்தியத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதனால் வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்தையும் கையாலேயே மெல்லத் தொடங்கலாம், வீங்கவிடலாம், சட்டென்று வெட்டலாம். பாடகருக்கு மூச்சு எப்படியோ அக்கார்டியன்காரருக்குத் துருத்தி அப்படி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதையில் பல கம்பெனிகள் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

முதல் எலெக்ட்ரானிக் அக்கார்டியன் எது?

‘முதல்’ என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். தொடக்கப் புள்ளியாக ஜெர்மனியின் டிராசிங்கன் ஊரைச் சொல்லலாம். மவுத் ஆர்கனுக்கும் அக்கார்டியனுக்கும் பேர்போன ஹோனர் கம்பெனியின் ஊர் அது. அங்கே ரெனே சைபோல்டு என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1940 வாக்கில் மல்டிமோனிகா வந்தது. அது தோளில் மாட்டும் வாத்தியம் அல்ல. மேசைமேல் வைக்கும் இரண்டடுக்குக் கீபோர்டு. கீழடுக்கில் காற்றால் ஒலிக்கும் ரீடுகள், மேலடுக்கில் வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) மின்சுற்று. ரீடையும் மின்னொலியையும் ஒரே உடம்பில் வைத்த முயற்சி என்ற வகையில் எல்லாக் கலப்புகளுக்கும் இது மூத்தது.

அதே சைபோல்டின் இன்னொரு வாத்தியம் எலெக்ட்ரோனியம். 1950-களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் அக்கார்டியன். உள்ளே ஒரு ரீடு கூட இல்லை. ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும், கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்க முடியாது. ஆனால் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது: துருத்தியை அலங்காரத்துக்கு வைக்காமல் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பாகமாக ஆக்கினார்கள். அழுத்தினால் சத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். அக்கார்டியன்காரரின் இடது கைக்கு அப்போதும் வேலை இருந்தது. பின்னால் வந்த பெரிய பெரிய மாடல்கள் பலவற்றில் இது இல்லை என்பதுதான் விசித்திரம்.

ரேமண்ட் ஸ்காட்டின் எலெக்ட்ரோனியமும் இதுவும் ஒன்றா?

பெயர் மட்டும்தான் ஒன்று. அமெரிக்கரான ஸ்காட் செய்தது, தானே இசையமைத்துத் தரும் ஒரு ராட்சத இயந்திரம். அக்கார்டியனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கார்டோவாக்ஸ் என்ற பெயரை அடிக்கடி கேள்விப்படுகிறேன். அது என்ன?

இந்தக் குடும்பத்தின் பிரபலமான பிள்ளை. அமெரிக்காவில் இன்றும் சில பெரியவர்கள் எந்த எலெக்ட்ரானிக் அக்கார்டியனைப் பார்த்தாலும் ‘கார்டோவாக்ஸ்’ என்றே சொல்வார்கள், நாம் எந்த நகல் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்பதைப் போல.

1960-களின் தொடக்கத்தில் இதை விற்றது சிகாகோ மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி. கிப்சன் கிடார், லோரி ஆர்கன் இரண்டும் அவர்கள் கையில் இருந்தன; இத்தாலிய அக்கார்டியன்களையும் இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்கனையும் அக்கார்டியனையும் முடிச்சுப் போட்டார்கள். அக்கார்டியன் உடம்பு இத்தாலியில் செய்தது, ஒலி லோரி ஆர்கனின் டோன் ஜெனரேட்டரிலிருந்து, அதாவது ஒலியை உண்டாக்கும் மின்சுற்றுப் பகுதியிலிருந்து. தொடக்க மாடல்களில் அந்த ஜெனரேட்டர் முழுக்க வால்வு. தனியாக ஒரு பெட்டி, சூட்கேஸ் அளவு. அக்கார்டியனிலிருந்து தடிமனான கேபிள் அந்தப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு. காலடியில் சத்தத்துக்கு ஒரு பெடல். ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்கப் போகிறவர் இத்தனையையும் காரில் ஏற்றி இறக்க வேண்டும். ரீடு, இடது கைக்கு 120 பேஸ் பட்டன் எல்லாம் கொண்ட முழு அளவு அக்கார்டியன் வெறுமனே இருந்தாலே 10 முதல் 12 கிலோ. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டோவாக்ஸ் பெயரில் சுழலும் ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்தன. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒன்று சுழலச் சுழல, சத்தம் அலையலையாய் வரும். அக்கார்டியன் செல்லாக்காசாகிப் போன பிறகும் இந்தப் பெட்டிகளைக் கிடார்காரர்கள் தேடித்தேடி வாங்கினார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ஆர்கன்கள் பலவற்றின் அடிப்படை இதுதான். சப்தகத்தில் 12 சுரத்தானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிலேட்டர் (மின் அதிர்வை உண்டாக்கும் சுற்று), அதுவும் ஆக மேலே இருக்கும் சுரத்துக்கு மட்டும். கீழ் சப்தகங்களுக்குத் தனி ஆசிலேட்டர் வைப்பதில்லை. அதிர்வெண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போவார்கள். மேலே 1760 ஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி 880, அப்புறம் 440, அப்புறம் 220. பாதியாக்கும் சுற்றுகள் மலிவு, சுருதி சேர்க்கும் வேலையும் மிச்சம். 12 திருகை மட்டும் திருப்பினால் முழு வாத்தியமும் சுருதிக்கு வந்துவிடும். பாதகமும் இதிலேயே இருக்கிறது. ஓர் ஆசிலேட்டர் விலகினால் அந்த சுரம் எல்லா சப்தகத்திலும் ஒருசேர விலகும். பழுது பார்ப்பவருக்கு இது நல்ல தடயம்: ஒரு கட்டை மட்டும் ஊமை என்றால் தொடர்பில் கோளாறு, ஒரே சுரம் எல்லா இடத்திலும் ஊமை என்றால் ஆசிலேட்டரைப் பாருங்கள்.

வலது கையில் வழக்கமாக 41 கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய கம்பித் தொடர்பு. கட்டை இறங்கும்போது கம்பி ஒன்றோடொன்று தொட்டு அந்த சுரத்தைத் திறந்துவிடும்.

இடது கைதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 120 பட்டன் இருக்கிறதே, 120 தொடர்பு வேண்டாமா என்று தோன்றும். வேண்டாம். அக்கார்டியனின் பேஸ் பக்கத்தில் ஏற்கெனவே அற்புதமான ஓர் இயந்திர ஏற்பாடு உண்டு. மேஜர் கார்டு பட்டன் ஒன்றை அழுத்தினால் கம்பிகளும் நெம்புகோல்களும் சேர்ந்து அந்தக் கார்டுக்குரிய மூன்று சுரத்தின் காற்று அடைப்புகளைத் திறக்கும். எத்தனை பட்டன் இருந்தாலும் கடைசியில் திறப்பது 12 சுரங்களின் அடைப்புகளைத்தான். ஆகவே தொடர்புகளைப் பட்டனுக்கு அடியில் வைக்காமல் அந்த அடைப்புகள் பக்கம் வைத்தால் போதும்: பேஸுக்கு 12, கார்டுக்கு 12. கார்டு எது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பழைய இயந்திரமே செய்து கொடுத்துவிடுகிறது. அந்தக் கேபிள் ஏன் அவ்வளவு தடிமன் என்பதும் இப்போது புரியும். 41-உம் 24-உம் சேர்ந்து 65 தொடர்புகள், அதற்கு மேல் சுவிட்சுகளுக்கான ஒயர்கள். ஜெனரேட்டர் வெளியே இருந்தால் இத்தனையும் அந்த ஒரே கேபிளில்தான் போயாக வேண்டும்.

ஆர்கன் ஒலிக்கும்போது துருத்திக்கு என்ன வேலை?

பல மாடல்களில் ஒரு வேலையும் இல்லை. ரீடை நிறுத்திவிட்டு ஆர்கனை மட்டும் வாசித்தால் துருத்தியை மூடி வைத்துக்கொண்டே வாசிக்கலாம். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாத்தியத்தின் உயிர்நாடியைக் கொண்டுபோய்க் கால் பெடலில் கட்டியாகிவிட்டது. பெடலால் மொத்த சத்தத்தையும் ஏற்றலாம், இறக்கலாம். விரல் அழுத்தத்தோடு சேர்ந்து ஒரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் மிருதுவாக்குவது அதனால் ஆகாத காரியம். பல வருடம் துருத்தியோடு பழகியவர் இதை வாசித்தால் பாதிக் கை கட்டிப்போட்ட மாதிரி உணர்ந்திருப்பார்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது இன்னொரு தொல்லை. ரீடின் சுருதி ராவினால்தான் மாறும்; ஆர்கனின் சுருதி திருகினால் மாறும். எனவே எப்போதும் ஆர்கனைத்தான் ரீடுக்குச் சேர்க்க வேண்டும். தொடக்கக்கால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களோ வெப்பம் ஏறினால் குணம் மாறுகிறவை. மேடை விளக்கின் சூட்டில் சுருதி நகர்ந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம். தவிரவும், அக்கார்டியனின் அந்த நெளியும் ‘மியூசெட்’ ஒலி, சற்றே சுருதி விலக்கி வைத்த இரண்டு மூன்று ரீடுகள் சேர்ந்து தருவது. அதன்மேல் நேர்கோடாக ஒலிக்கும் ஆர்கனை ஏற்றினால் சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வாத்தியங்களில் பெரும்பாலானவை ஏன் இத்தாலியிலிருந்தே வந்தன?

கூர்ந்து பார்த்தால் இத்தாலி முழுக்க அல்ல, ஒரு சின்ன வட்டாரம். ஆட்ரியாட்டிக் கடலை ஒட்டிய மார்க்கே மாநிலத்தில் காஸ்டெல்ஃபிடார்டோ என்று ஒரு குன்று ஊர். பக்கத்தில் லொரேட்டோ, மாதா கோயிலுக்குப் பெயர்பெற்ற தலம். 1863-ல் அங்கே யாத்திரை வந்த ஓர் ஆஸ்திரியர் வழியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, நன்றிக்கடனாகத் தன் அக்கார்டியனை விட்டுச் சென்றாராம். அந்த வீட்டுப் பையன் பாவ்லோ சொப்ரானி அதைப் பிரித்துப் பார்த்துத் தானே செய்யக் கற்றுக்கொண்டாராம். கதை எவ்வளவு நிஜமோ, சொப்ரானியின் பட்டறை நிஜம். அதிலிருந்து ஊரே அக்கார்டியன் ஊரானது. இன்றும் அங்கே அக்கார்டியனுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது; 1981-ல் திறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செட்டிமியோ சொப்ரானி, ஸ்கண்டல்லி, ஃப்ரொன்டாலினி என்ற மூன்று அக்கார்டியன் கம்பெனிகள் 1946-ல் ஒன்றாகச் சேர்ந்தன. அதுதான் ஃபார்ஃபிசா. அவர்கள் கொண்டுவந்த டிரான்சிகார்டு, டிரான்சிஸ்டரை நம்பி இறங்கிய ஆரம்பகால எலெக்ட்ரானிக் அக்கார்டியன்களில் ஒன்று. அதே ஃபார்ஃபிசா 1960-களின் நடுவில் ‘காம்பாக்ட்’ வரிசை ஆர்கன்களைக் கொண்டுவந்தது. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் ரிக் ரைட் ஆரம்ப வருடங்களில் வாசித்த ஆர்கன் அந்த வரிசைதான். கட்டை செய்யத் தெரியும், மரப்பெட்டி செய்யத் தெரியும், செல்லுலாயிடு ஒட்டத் தெரியும், ஏற்றுமதிக்கு ஆள் இருக்கிறது. மின்சுற்று மட்டும் புதுசு. அதை அக்கார்டியனிலேயே பழகிக்கொண்ட கை, ஆர்கன் செய்ய வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

அந்த வட்டாரம் முழுக்க இதே கதை. அக்கார்டியன் தொழிலிலிருந்து வந்த ஒலிவியேரோ பிஜினி 1959-ல் தொடங்கிய ஏகோ, கிடார் செய்து உலகமெங்கும் விற்றது. வாக்ஸ் ஆர்கன்களின் இத்தாலியத் தயாரிப்பிலும் அதற்குப் பங்கு இருந்தது. (வாக்ஸின் நிறுவனர், இங்கிலாந்துக்காரர் டாம் ஜென்னிங்ஸும் அக்கார்டியன் வாசித்தவர், விற்றவர். எங்கே சுற்றினாலும் அக்கார்டியனில்தான் வந்து நிற்கிறது.) குருச்சியனெல்லி என்ற அக்கார்டியன் குடும்பத்திலிருந்து குருமார் வந்தது. காஸ்டெல்ஃபிடார்டோவின் எல்கா, எல்காவாக்ஸ் என்ற எலெக்ட்ரானிக் அக்கார்டியன்களை 70-களில் விற்றது. சில வருடங்களில் அதே கம்பெனி சிந்தெக்ஸ் என்ற சின்தசைஸரைச் செய்தது. பிரெஞ்சு மின்னிசைக் கலைஞர் ஜான் மிஷேல் ஜார் வாசித்து அது புகழ்பெற்றது.

எலெக்ட்ரானிக் அக்கார்டியனை ஒரு தோல்விக் கதையாகவே பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வாத்தியமாக அது பாதிக் கிணறு தாண்டியது, சரி. ஆனால் ஒரு வட்டாரத்துத் தொழிலாளர்கள் ரீடு ராவுவதிலிருந்து ஈயம் பற்றவைப்பதற்கு மாறியபோது, இடையில் நின்று சோறு போட்டது அதுதான்.

அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு கிராக்கி?

1950-களின் அமெரிக்காவில் அக்கார்டியன் வீட்டு வாத்தியம். தெருவுக்குத் தெரு வகுப்பு. லாரன்ஸ் வெல்க்கின் இசை நிகழ்ச்சி 1955-லிருந்து நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது, அதில் மைரன் ஃப்ளோரன் அக்கார்டியன் வாசிப்பார். அப்புறம் ராக் அண்ட் ரோல் வந்தது, பையன்கள் கிடார் பக்கம் ஓடினார்கள். கடைக்காரர்களும் வாத்தியார்களும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ‘உங்கள் அக்கார்டியனே இனி ஆர்கன்’ என்று இவை வந்தன. ஏற்கெனவே கற்ற வித்தை வீணாகாது, புது வாத்தியம் பழக வேண்டாம், சத்தமும் நவீனம். உணவகத்திலும் நடன அரங்கிலும் தனியாளாக வாசிப்பவருக்கு லாபக் கணக்கும் இருந்தது. இடது கையில் ஆர்கன் பேஸ், வலது கையில் மெட்டு: இரண்டு மூன்று பேர் வேலையை ஒருவரே முடித்துவிடலாம்.

பெரிய இசையமைப்பாளர்கள் யாராவது இதைப் பயன்படுத்தினார்களா?

எதிர்பாராத இடத்தில். ஜெர்மன் நவீன இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசனின் குழுவில் ஹரால்டு போயே ஹோனர் எலெக்ட்ரோனியத்தை வாசித்தார், 1960-களின் பிற்பகுதியில். வீட்டுக் கூடத்தில் போல்கா நடன இசை வாசிக்கச் செய்த பெட்டி, மின்னிசைப் பரிசோதனை மேடையில் ஏறியது. எனக்கு இதில் ஆச்சரியம் குறைவு. மின்னொலியைக் கை அழுத்தத்தால் உடனுக்குடன் வளைக்கக் கூடிய, தூக்கிச் செல்லக் கூடிய வாத்தியம் அன்றைக்கு வேறு எத்தனை இருந்திருக்கும்?

தமிழ்ப் பாட்டுகளில் இது ஒலித்திருக்கிறதா?

எம்.எஸ்.வி. குழுவில் மங்களமூர்த்தி வாசித்த அக்கார்டியனை எல்லோரும் கேட்டிருப்போம். அது ரீடு அக்கார்டியனின் குரல், இந்தப் பக்கத்தின் நாயகன் அல்ல. ஆனால் இதன் பங்காளி ஒன்றை நம்மவர்கள் நன்றாக அறிவார்கள்: காம்போ ஆர்கன், அதாவது இசைக்குழுக்கள் தூக்கிச் செல்லும் சின்ன மின் ஆர்கன். ஃபார்ஃபிசாவும் வாக்ஸும் அக்கார்டியன் வழியே வந்து சேர்ந்த அதே வகை. ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் இருந்த நாட்களில் இளையராஜா கிடாரோடு காம்போ ஆர்கனும் வாசித்தவர்.

இன்னொரு பங்காளி கிளாவியோலின். 1947-ல் பிரெஞ்சுக்காரர் கான்ஸ்டன்ட் மார்ட்டின் செய்தது. எலெக்ட்ரோனியத்தைப் போலவே ஒரு நேரத்தில் ஒரே சுரம், பியானோ விளிம்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கீபோர்டு. 1954-ல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் கேட்கும் மகுடி, மகுடியே அல்ல. கல்யாண்ஜி கிளாவியோலினில் வாசித்தது.

அப்புறம் ஏன் காணாமல் போனது?

விலை, எடை, ரிப்பேர் செலவு எல்லாம் காரணம்தான். இதையெல்லாம் விட, காலில் நிற்கும் கீபோர்டு மலிவானதும் அக்கார்டியன் உடம்புக்கு அவசியம் இல்லாமல் போனது. துருத்தியே வேலை செய்யாத ஆர்கனை எதற்குத் தோளில் சுமக்க வேண்டும் என்று புதிதாகக் கற்கும் பிள்ளை கேட்டால் பதில் இல்லை. 1983-ல் மிடி (மின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி) வந்ததும் ஒலி உண்டாக்கும் பகுதியை வாத்தியத்தோடு சேர்த்து விற்க வேண்டிய தேவையும் போயிற்று. நல்ல ரீடு அக்கார்டியனுக்குள் மிடி பொருத்திக்கொண்டு, மெல்லிய ஒரு கேபிளில் எந்த ஒலிப்பெட்டியோடும் பேசலாம்.

ரோலண்டின் வி-அக்கார்டியன் இதன் வாரிசா?

ஆமாம், நேர் வாரிசு. 2004-ல் எஃப்.ஆர்-5, எஃப்.ஆர்-7 மாடல்களோடு வந்தது. ரீடே கிடையாது. ஜப்பான் கம்பெனிதான், ஆனால் அது 1980-களின் கடைசியில் வாங்கிய சீல் என்ற இத்தாலியக் கம்பெனியும் அதே மார்க்கே மாநிலத்தது.

முக்கியமான விஷயம், துருத்திக்குள் காற்றழுத்த உணரி வைத்தார்கள். மெல்ல இழுத்தால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் ஒலியின் நிறமே மாறும். துருத்தி எவ்வளவு கனமாக நகர வேண்டும் என்பதைக் கூடத் திருகிச் சரிசெய்யலாம். சைபோல்டு ஒற்றைச் சுரத்தில் செய்ததை முழு வாத்தியத்துக்கும் கொண்டுவர ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க அக்கார்டியனில் பரிசோதனை செய்த அமெரிக்க இசைக்கலைஞர் பாலின் ஆலிவெரோஸ் பிற்காலத்தில் இதையும் வாசித்தார். ரீடு ராவாமலே சுருதி அமைப்பை மாற்ற முடிகிறது என்பது அவர் மாதிரி ஆட்களுக்குப் பெரிய வரப்பிரசாதம்.

பழைய கலப்பு அக்கார்டியன் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

முதல் கேள்வி: ஜெனரேட்டர் பெட்டி கூடவே வருகிறதா? பல வீடுகளில் அக்கார்டியன் மட்டும் தப்பியிருக்கும். கனமான பெட்டியை யாரோ எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். பெட்டி இல்லையென்றால் ரீடு அக்கார்டியன் விலை மட்டும் கொடுங்கள், அதிலும் தேவையில்லாத ஒயர் எடையைச் சுமக்கப் போகிறீர்கள் என்று சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். கேபிள் முக்கியம். அத்தனை முனை கொண்ட பிளக் இன்று கடையில் கிடைக்காது.

அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் அது 117 வோல்ட் சாதனம். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ‘அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, சுருதி இறங்குமா?’ என்று கேட்கிறார்கள். பழைய ஹேமண்ட் ஆர்கனில் இறங்கும், அதன் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஓடுவது. ஆசிலேட்டர் வாத்தியங்களில் இறங்காது. சுழலும் ஸ்பீக்கரின் மோட்டார் மட்டும் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும்.

வால்வு மாடலை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே சில நூறு வோல்ட் ஓடும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கி நிற்கும். பழைய வால்வு ரேடியோ பார்க்கும் மெக்கானிக் யாராவது ஊரில் மிச்சம் இருந்தால் அவர்தான் சரியான ஆள். பெரும்பாலும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை மாற்றச் சொல்வார், மாற்றுங்கள். கட்டைத் தொடர்புகளைக் கான்டாக்ட் கிளீனர் தொட்ட மெல்லிய துணியால் துடைத்தாலே பாதி ஊமைக் கட்டைகள் பேசும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேற்பூச்சு போய்விட்டால் சில மாதத்தில் மறுபடி ஊமையாகும்.

வாத்தியம் வேண்டாம், அந்த சத்தம் மட்டும் போதும் என்றால்?

ஃபார்ஃபிசா, வாக்ஸ் ஒலிகள் இன்றைய கீபோர்டு பலவற்றிலும் மென்பொருளிலும் கிடைக்கின்றன. அவற்றோடு ஒரு அக்கார்டியன் ஒலியை அடுக்கி, சுழலும் ஸ்பீக்கர் விளைவைச் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அக்கார்டியன் ஒலியை இரண்டு சென்ட் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) சுருதி விலக்கி வையுங்கள்; இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்தால் கலப்பு அக்கார்டியன் மாதிரி இருக்காது.